நிறுத்தும் பட்டனும் என் கையெழுத்தும்

அன்புத் தங்கச்சிக்கு அண்ணன் எழுதுவது. இங்கே என் கடையின் நகல் மெஷினைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் மருமகளும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

போன கடிதத்தில், 'பள்ளியில் புற்றுநோய்த் தடுப்பூசி போடுகிறார்களாம், மருமகளை அனுப்பாதே' என்று அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன் அல்லவா? அதை உடனே கிழித்துப் போடு. வைரஸ் என்றால் சளி, காய்ச்சல். அதற்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று என் மகளின் சம்மதப் படிவத்தைக் கடை மேசையில் வைத்துப் பத்து நாள் முறைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் அவள் கை வலிக்கிறது என்றாள். புத்தகப் பைதான் காரணமென்று பள்ளிக்கே போய்த் தலைமையாசிரியையிடம் சண்டை போட்டு, பையை நானே சுமந்து வந்தேன். அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். நேற்று ஒருவர் லீவு லெட்டருக்கு இரண்டு நகல் கேட்டார். நிறுத்தும் பட்டன் சிக்கிக்கொண்டு, நான் பிளக்கைப் பிடுங்கும்வரை மெஷின் பாட்டுக்கு நானூறு நகல் தள்ளிவிட்டது. "ஆயுசு முழுக்க லீவா போடப்போறேன்?" என்று மனிதர் குதித்தார். மூலையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள் நிமிர்ந்தாள்.

"இதேதாம்ப்பா. உடம்புல இருக்கிற செல்லும் காப்பி எடுக்கும், போதும்னா நிறுத்திடும். சில வைரஸ் உள்ளே போய் அந்தப் பட்டனையே கெடுத்துடும். முக்கால்வாசி நேரம் உடம்பே அதை விரட்டிடும். சிலருக்கு மட்டும் வருஷக்கணக்கா தங்கிடும், அப்பத்தான் ஆபத்து."

"அது வந்தப்புறம் ஊசி போட்டுக்கிட்டா ஆகாதா?"

"வந்ததை ஊசி விரட்டாதுப்பா. முன்னாடியே போடணும். போட்டாலும் பெரியவளானதும் பரிசோதனைக்குப் போகணும்."

நம் அம்மாவுக்கு வந்ததும் இந்த ஊசி தடுக்கிற கர்ப்பப்பை வாய்ப் புற்றுதான். அன்று இப்படி ஓர் ஊசி இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அங்கேயே கையெழுத்துப் போட்டேன். உங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி நாளாமே, மருமகளைக் கட்டாயம் அனுப்பு. பிள்ளைகள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நம்மைக் கிண்டல் செய்துகொண்டே நூறு வயது வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் அண்ணி சிரித்துவிட்டாள். அசல் படிவத்தில் அவள் கையெழுத்துப் போட்டு, மகளுக்கு ஊசியும் போட்டு ஒரு வாரமாகிறதாம். அவள் கை வலித்ததும் அதனால்தானாம். என் மேசையில் இருந்தது என் மெஷினிலேயே எடுத்த நகல்! அசல் எது, நகல் எது என்று தூரத்திலிருந்தே சொல்கிறவன் நான். "உங்களுக்கும் புரியணும்னுதாங்க வச்சேன்" என்கிறாள். மருமகளுக்கும் போன வாரமே போட்டாயிற்றாமே, நீ மூச்சுகூட விடவில்லை! இந்தக் குடும்பத்தில் என் பேச்சை யாரும் கேட்பதில்லை என்பதில் முதல்முறையாக எனக்கு நிம்மதி.