தாய்மாமனுக்கு அனுமதி இல்லை

திண்டிவனம்,
ஆகஸ்ட் 2017

மரியாதைக்குரிய மச்சான் இருதயநாதன் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அமலாவின் கணவன் தேவசகாயம் பணிவுடன் எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே அமலா நலம், ஜெசி நலம். நான் நலமில்லை, அதற்கு நானே காரணம் என்பதால் விசாரிக்க வேண்டாம். விழுப்புரத்தில் நீங்களும் சூசை மேரி அக்காவும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பேனா பிடித்து வெகுநாள் ஆகிறது. நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் வேறு வழியில்லை. யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்பதற்காக ஒரு மாதம் கண் எரிய உட்கார்ந்து நான் செய்து சொதப்பிய வேலையை நீங்கள் ஒரே விரலால் கச்சிதமாக முடித்துவிட்டீர்கள். நேரிலும் வந்தேன். "அவரு வெளிய போயிருக்காருங்க தம்பி" என்று அக்கா கேட்டிலேயே சொல்லிவிட்டார். உங்கள் செருப்பு வாசலில் கிடந்தது. உள்ளே நீங்கள் டிவி செய்தியைத் திட்டிக்கொண்டிருந்ததும் கேட்டது. அக்கா பொய் சொல்லிப் பழகாதவர். முகம் சிவந்துபோனதால் நானே நம்பியதாகக் காட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அமலாவைத் தூது போகச் சொன்னேன். "நீங்க கிழிச்சத நீங்களே தெச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். ஜெசிக்குக் கிளியனூர் மாப்பிள்ளை நிச்சயமானதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. கம்ப்யூட்டர் சென்டர் வைத்து ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஆப் செய்யக் கற்றுக்கொடுக்கிறவன், சொந்த மகள் கல்யாணத்தைத் துண்டுச் சீட்டில் எழுதி நடத்தினால் ஊர் சிரிக்காதா என்று நினைத்தேன். யாரும் சிரிக்கமாட்டார்கள் என்று அமலா அப்போதே சொன்னாள். கேட்கவில்லை. பூசை நேரம், பந்தி, பாட்டு, மாமன் சீர் எல்லாவற்றையும் போனிலேயே பார்க்கிற மாதிரி கல்யாண ஆப் ஒன்று செய்தேன். அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். யார் எதைப் பார்க்கலாம், யார் எதை மாற்றலாம் என்று கட்டுப்பாடு வைக்க ஆசைப்பட்டேன். சமையல்காரருக்கு ஜெசியின் நகை விவரம் எதற்கு? மாப்பிள்ளை வீட்டுக்கு நம் வீட்டுப் பேச்சுவார்த்தை எதற்கு? அமலா மட்டும், "பொண்ணப் பெத்தவன் பந்தலுக்கு ஆள் தேடிக்கினு அலைவான். நீங்க இன்னாங்க, யார உள்ள வுடக் கூடாதுன்னு எழுதிக்கினு கெடக்குறீங்க?" என்றாள். அதையும் கேட்கவில்லை.

இதற்கென்று ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ரெடிமேடாக ஒன்று வைத்திருக்கிறது. கிளையன்ட் லைப்ரரி என்று பெயர். யாரோ எழுதிவைத்த நிரல் மூட்டை. இறக்கி நம் ஆப்புக்குள் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான். மண்டப வாசலில் ஆள் நிறுத்துகிற மாதிரி. போனில் யார் எதைத் தொட்டாலும், "இந்த ஆள் இந்த வேலையைச் செய்யலாமா?" என்று அது கம்பெனிக்காரனின் கம்ப்யூட்டரைக் கேட்கும். அங்கே நான் எழுதிவைத்த விதிகளைப் பார்த்து, ஆம் அல்லது இல்லை என்று பதில் வரும். என் விதி இருந்தால் ஆம். எழுதாத ஆளுக்கெல்லாம் இல்லை. இதை சென்டரில் வருஷக்கணக்காகப் பாடம் எடுத்தவன் நான் என்பதை இங்கே வெட்கத்தோடு பதிவு செய்கிறேன்.

உட்கார்ந்து விதி எழுதினேன் மச்சான். மாப்பிள்ளை வீட்டாருக்கு எழுதினேன். பாடகர் குழுவுக்கு எழுதினேன். சமையல்காரர், பந்தல்காரர், பேண்டு வாத்தியக்காரர், உங்கள் ஊர் போட்டோகிராபர் சவுரிராயன் வரைக்கும் எழுதினேன். தாய்மாமனுக்கு எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்லமுடியாது, தோன்றவே இல்லை. நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றும்போதே "இன்னா கொழம்பு?" என்று கேட்டுக்கொண்டு நேரே அடுப்படிக்குப் போகிறவர். ஜெசிக்குக் காது குத்தியது உங்கள் மடியில். உங்களுக்கு அனுமதி என்று ஒன்றை எந்த மடையன் எழுதிவைப்பான்? நான் எழுதிவைத்திருக்க வேண்டும்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். டீக்கடையில் நாலு பேர் நடுவே, "எங்க மாப்ள பண்ணது பாருங்க" என்று பெருமையாகத் திறந்து மாமன் சீர் பக்கத்தைத் தொட்டீர்களாம். "இதைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகி தேவசகாயத்தை அணுகவும்" என்று சிவப்பு எழுத்தில் வந்ததாம். பக்கத்தில் நின்ற சவுரிராயன் போனில் அதே பக்கம் பளிச்சென்று திறந்ததாம். உடனே எனக்குப் போன் செய்து, "இன்னாபா சகாயம், எந் தங்கச்சி பொண்ணு கல்யாணத்துல போட்டாக்காரனுக்கு இருக்குற பாத்தியத கூட எனக்கு இல்லியா? சர்தான். அனுமதி இருக்குறவங்கள வச்சிக்கினு நடத்திக்க" என்றீர்கள். அதுதான் உங்கள் குரலைக் கடைசியாகக் கேட்டது.

பதறிப்போய் ஜல்தியில் இன்னொரு கூத்து செய்தேன். உங்களுக்கு மட்டும் விதி எழுதாமல், எல்லாருக்கும் எல்லாம் என்று ஒரே வரியில் திறந்துவிட்டேன். விடிவதற்குள் கல்யாணம் கைமாறிப்போனது. மாப்பிள்ளையின் அத்தை எலிசா அம்மாள், பாண்டிச்சேரிக்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்க வசதியாகப் பூசையை முன்னால் இழுத்துவிட்டார். சமையல்காரர் பிரியாணியை எடுத்துவிட்டுத் தயிர்சாதம் போட்டுவிட்டார். சவுரிராயன் மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டுவிட்டார். கேட்டால், "வேல செய்யுதான்னு பாத்தேன் சார், திருப்பி மாத்த மறந்துட்டேன்" என்கிறார். அவர் பேரன் எடுத்தவர். எலிசா அம்மாள் போன் போட்டு, "யாருங்க இந்த சவுரிராயன்? பொண்ணுக்கு வேற எடம் பாக்குறீங்களா?" என்று கேட்டார். பெரிய பேஜாராகி, ஒருவழியாக எல்லாவற்றையும் பழையபடி மாற்றினேன்.

ஆப் போகட்டும் மச்சான். ஜெசி சரியாகச் சாப்பிடுவதில்லை. நேற்று என் எதிரில் வந்து நின்று, "மாமா கையப் புடிச்சி கூட்டிக்கினு வர்லன்னா நான் கோயில் படி ஏற மாட்டேன்ப்பா. உன் ஆப்புல அதையும் எழுதிக்க" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. உங்களுக்குக் கோபம் என் மேல் இருக்கலாம், இருக்கவேண்டும். பிள்ளைமேல் வேண்டாம்.

பிராயச்சித்தமாக ஒன்று செய்யப்போகிறேன். இந்தக் கடிதத்தை ஒட்டுவதற்கு முன்பே கல்யாண ஆப்பின் நிர்வாகியாக உங்களைப் போட்டுவிடுவேன். பார்க்க, மாற்ற, அழிக்க எல்லா உரிமையும் உங்களுக்கே. பயப்பட ஒன்றுமில்லை, ஏதாவது ஏடாகூடமானால் சரிசெய்ய நான் பின்னால் இருக்கிறேன். இப்போது எல்லாம் என் முழுக் கட்டுப்பாட்டில் இருக்கிறது.

சூசை மேரி அக்காவுக்கு என் வணக்கம். செருப்பைப் பார்த்ததாக அவரிடம் சொல்லவேண்டாம். மாதா உங்கள் வீட்டையும் உங்கள் கோபத்தையும் ஆசீர்வதித்து, இரண்டையும் எங்கள் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிவைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட பாக்கியத்தைத் தவிர வேறு தகுதி இல்லாத,
தேவசகாயம்

பின்குறிப்பு: உங்களை நிர்வாகியாகப் போட்டுவிட்டேன். நிர்வாகி ஒருவர்தான் இருக்கலாம் என்று ஆரம்பத்தில் நானே கெத்தாக ஒரு விதி எழுதியிருந்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நீங்கள் உள்ளே போன மறுநிமிஷம் நான் வெளியே வந்துவிட்டேன். பெண்ணின் அப்பாவுக்கும் விதி எழுதவில்லை. நிர்வாகிக்கு எதற்குத் தனி விதி என்று விட்டிருந்தேன். இப்போது எதைத் தொட்டாலும், "உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகி இருதயநாதனை அணுகவும்" என்று சிவப்பில் வருகிறது. அந்தக் கம்பெனிக்கு எழுதிக் கெஞ்சினேன். உங்கள் நிர்வாகியை அணுகவும் என்று அவர்களும் பதில் போட்டுவிட்டார்கள். பந்தல், பந்தி, பூசை எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது மச்சான். நீங்கள் வந்து திறந்தால்தான் ஜெசிக்குக் கல்யாணம். எனக்கும் பழைய உரிமையைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுதப்போனேன். பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த அமலா தடுத்துவிட்டாள். "அண்ணன்கிட்ட சொல்லுங்க, இவருக்கு பாக்க மட்டும் குடுத்தா போதும். எதையும் தொட வுட வேணாம்" என்கிறாள். அப்படியே செய்யுங்கள்.