வெரிபை அண்ணன் ஒத்துப் பார்த்த அடக்கச் சிடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு ஒன்பது வருடமாக யோசித்துவிட்டேன். எழுத உட்காரும்போதெல்லாம் ஒரு வெட்கம் வந்து பேனாவைப் பிடுங்கிக்கொள்ளும். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். இராஜாக்கமங்கலம் பக்கத்தில் கடற்கரையோரம் கயிறும் வலையும் விற்கிறேன். காலையில் பூசை, சாயங்காலம் செபமாலை, நடுவில் கடை. இவ்வளவுதான் என் பிழைப்பு. ஆனாலும் இந்த மனுசனைப் பற்றி வாயைத் திறக்காமல் போய்ச் சேர்ந்தால், மேலே இருக்கிறவர் ஏன் என்று கேட்பார். அந்தப் பயத்தில் எழுதுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்திலேயே, ஏன் இந்தப் பூமியிலேயே, கம்ப்யூட்டரைத் துளியும் நம்பாமல் கம்ப்யூட்டர் கடை நடத்திய ஒரே ஆள் எங்கள் வெரிபை அண்ணன்தான்.

அவருடைய ஞானஸ்நானப் பெயர் பங்குக் கோயில் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். சிடி காப்பி போட்டுக் கொடுப்பது தொழில். மற்றக் கடைகளில் சிடி சூடாக வெளியே வரும், கையில் கொடுத்து அனுப்புவார்கள். அண்ணன் அப்படி அனுப்பினால் நரகம் உறுதி என்று நம்பினார். காப்பியை மறுபடி உள்ளே தள்ளி, மூலத்தோடு முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒத்துப் பார்ப்பார். அதற்குப் பெயர்தான் வெரிபை. காப்பி போட இருபது நிமிடம், ஒத்துப் பார்க்க இருபது நிமிடம், ஒத்துப் பார்த்தது சரிதானா என்று சந்தேகப்பட இன்னொரு இருபது நிமிடம். காலைச் சாயா குடித்துவிட்டு அவர் கடைக்குப் போனவர்கள் மத்தியானச் சோற்றுக்கு ஒழுங்காக வீடு திரும்பியதாக ஊரில் யாரும் சாட்சி சொன்னதில்லை.

கெட்டுப்போன சிடிகளைத் தூர எறியமாட்டார். கடை வாசலில் கயிறு கட்டி வரிசையாகத் தொங்கவிடுவார். ஒவ்வொன்றின் மேலும் அது செத்துப்போன காரணத்தை மார்க்கரால் எழுதியிருப்பார். 'கரண்டு போச்சு.' 'மட்டச் சிடி.' 'எலி வயரைக் கடித்தது.' ஒன்றில் 'நான் தும்மினேன்' என்றுகூட இருந்தது. மற்றவர்கள் பாவத்தைச் சாமியாரின் காதில் சொல்வார்கள், இவர் வாசலில் காயப்போடுவார். வாழைத்தோட்டக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிப்போய்க் காக்காய் விரட்டக் கட்டுவார்கள்.

அந்தக் காலத்தில், இரண்டாயிரத்து ஏழு எட்டு இருக்கும், ஊரில் கம்ப்யூட்டர் வைத்திருந்த எல்லாருமே திருட்டு விண்டோஸ்தான் வைத்திருந்தோம். அதே கையால்தான் சிலுவையும் போட்டுக்கொண்டோம். அண்ணன் மட்டும் அது களவு என்று, விண்டோஸுக்குப் பதில் இலவசமாகவே கிடைக்கும் லினக்ஸ் வைத்திருந்தார். அவருக்கு ஏற்ற ஜோடி. அதுவும் யாரையும் நம்பாது. சிடியை வெளியே தா என்றால் 'வேலையாக இருக்கிறேன்' என்று எழுத்தில் பதில் சொல்லும். இதைத் திற என்றால் 'அனுமதி இல்லை' என்னும். கம்ப்யூட்டரைக் காசு கொடுத்து வாங்கிய முதலாளியைப் பார்த்தே நீ யார் என்று கேட்கும். நமக்கு ரத்தம் கொதிக்கும். அண்ணனோ சொந்த மகளுக்கு முதல் பரிசு கிடைத்ததுபோல் முகம் மலர்ந்து, "பாத்தீரா ஓய், எவ்வளவு மரியாதையா மாட்டேன்னு சொல்லுது!" என்பார்.

லினக்ஸில் ரூட் என்று ஒரு பெரிய தலைவர் உண்டு. அந்தக் கடவுச்சொல் இருந்தால் எந்தக் கதவும் திறக்கும். அண்ணன் ஒருநாள் ரூட்டாக உள்ளே போய், ஒரே வரி தட்டி, பங்குத் திருவிழாவின் பத்து நாள் வீடியோவையும் சுத்தமாகத் துடைத்துவிட்டார். கொடியேற்றமும் போயிற்று, தேரும் போயிற்று. அன்றைக்கே ஒரு முடிவெடுத்தார். "அவ்வளவு அதிகாரம் எனக்க கையில இருக்கப்படாது." நேராகப் போய், எங்கள் கோயிலில் மணி அடித்து மெழுகுதிரி ஏற்றும் கோயில்பிள்ளை மாமாவைக் கூட்டிவந்து, அவர் மனதுக்குத் தோன்றிய சொல்லைக் கடவுச்சொல்லாகப் போடவைத்தார். தன் கண்ணை அப்போது மூடிக்கொண்டார். ஆக, கம்ப்யூட்டர் அண்ணனுடையது, அதன் சாவி கோயில்பிள்ளையின் மண்டைக்குள். உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் இப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இருந்திருக்காது. இருந்திருந்தால் மூடியிருப்பார்கள்.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நான் எங்கள் அம்மையின் அடக்கச் சிடியைக் கொண்டுபோனேன்.

எங்கள் பக்கத்தில் அடக்கத்தை வீடியோ எடுப்பது வழக்கம். வீட்டுக்கு ஒருவராவது கல்ஃபில் இருப்பார்கள், வர முடியாதவர்கள் பார்க்கவேண்டுமே. என் தம்பி அருளுக்கு அப்போது கம்பெனி லீவு கொடுக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்று போனில் அவன் கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணே, எனக்காக ஒரு பிடி மண்ணு போட்டியா?"

"போட்டேன்டே மக்கா. உனக்க பேரச் சத்தமாச் சொல்லித்தான் போட்டேன்."

"எனக்கு அதப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

படம் எடுத்த ஸ்டுடியோக்காரன் நல்ல கலைஞன். கல்யாண வேலை செய்து பழகிய கை. அம்மையின் முகம் தாமரைப்பூவுக்குள்ளிருந்து மலர்ந்து வந்தது. பெட்டி இதய வடிவத்துக்குள் மூன்று சுற்றுச் சுற்றியது. காப்பி ஒவ்வொன்றுக்கும் தன்னிடமே வரவேண்டும் என்று சிடியில் ஒரு பூட்டும் போட்டிருந்தான். வேறு எங்கே கொண்டுபோனாலும் காப்பி பாதியில் நின்றுவிடும். பூட்டைப் போட்டவன் மறுவாரமே விசா வந்து, ஸ்டுடியோவையும் பூட்டிவிட்டு கல்ஃபுக்கு விமானம் ஏறிவிட்டான். கையில் இருந்தது ஒரே சிடி. அதை அப்பா தினமும் சாயங்காலம் போட்டுப் பார்ப்பார். அதை எடுத்து அனுப்ப யாருக்கு மனசு வரும்?

சித்தி மகன் ததேயு கல்ஃபில் அருளின் கேம்பிலேயே தங்கி வேலை பார்க்கிறவன். லீவு முடிந்து ஒரு சனிக்கிழமை கிளம்பினான். பதினொரு மணிக்குக் கார், திருவட்டாறில் அக்கா வீட்டில் மத்தியானச் சோறு, சாயங்காலம் திருவனந்தபுரத்தில் விமானம். அவனை விட்டால் இன்னொரு ஆள் கிடைக்க ஆறு மாதம் ஆகும். எட்டு மணிக்கே சிடியோடு அண்ணன் கடையில் நின்று, இந்தப் பயணக் கணக்கு முழுவதையும் அவரிடம் ஒப்பித்தேன்.

"பூட்டுன சிடியா? அப்ப பூட்டுனவனுக்க சம்மதம் வேணும்."

"அண்ணே, இது எனக்க அம்மைக்க அடக்கம்!"

"அம்ம உம்முடையது. பூட்டு அவனுக்கது."

சினிமாப் படம் காப்பி கேட்டு வருகிற காலேஜ் பிள்ளைகளை அவர் இதே நியாயம் பேசித்தான் விரட்டுவார். அதைக் கேட்டுப் பலநாள் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அலைந்து நம்பர் வாங்கி, பாலைவனத்தில் இருந்த ஸ்டுடியோக்காரனைப் போனில் பிடித்தேன். "அடக்க சிடிக்கு என்னத்துக்கு அண்ணே பூட்டு? தாராளமா எடுங்க" என்றான். அண்ணன் போனை வாங்கி, "நீங்க சொன்னத இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். மனுசனின் சம்மதத்தையும் ஒத்துப் பார்த்தார்!

பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஓடவிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பூட்டும் இல்ல, ஒரு சாவியும் இல்ல. வழியில வேணும்னே ரெண்டு குழி தோண்டி வச்சிருக்கான். மத்த புரோகிராம் குழியில விழுந்து அங்கயே உக்காந்திரும். நாம குழியச் சுத்திப் போவோம்."

சுற்றித்தான் போனார். மாட்டுவண்டி வேகத்தில் போனார். அம்மை முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் வந்துசேர்ந்தபோது மணி ஒன்பதரை. இனிப் புதுச் சிடியில் எழுதவேண்டியதுதான் பாக்கி. பொத்தானை அமுக்கினார்.

'அனுமதி இல்லை.'

முந்தின நாள் ராத்திரிதான் புது லினக்ஸ் ஏற்றியிருந்தாராம். சிடி எழுத உரிமை உள்ளவர்களின் பட்டியலில் அவர் பெயர் இல்லையாம். சேர்க்கவேண்டுமானால் ரூட் வரவேண்டும்.

"போய் கோயில்பிள்ளையக் கூட்டிட்டு வாரும்."

மாமா கோயிலில் குத்துவிளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். விளக்கும் துணியுமாகவே சைக்கிள் கேரியரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வந்தவர் எங்கள் இரண்டு பேரையும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கச் சொன்னார். அதன்பிறகு ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவில் ஒரு பரலோக மந்திரம் சொல்லலாம், அவ்வளவு நேரம். லினக்ஸில் கடவுச்சொல் அடித்தால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. ஒவ்வொரு தடவையும் மாமாவுக்கு அதே அதிர்ச்சி.

"எலே, ஒண்ணும் விழல்லியே!"

"விழும் மாமா. கண்ணுக்குத் தெரியாது. நம்பி அடியும்."

"கண்ணுக்குத் தெரியாதத நான் எப்பிடி நம்புவேன்?"

"அதக் கேக்கியது ஒரு கோயில்பிள்ளையா!"

மூன்றாவது தடவை திறந்தது. மணி பத்தே கால் தாண்டிவிட்டது. அண்ணன் ஃபேனை அணைத்தார். நடக்கக்கூடாது, இருமக்கூடாது. எழுதும் வேகத்தை எப்போதும்போல் குறைவாக வைத்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னவோ ஒன்றை மாற்றிவிட்டுப் பொத்தானை அமுக்கினார். என்னவென்று நான் கேட்கவில்லை. மாமா சும்மா இருப்பானேன் என்று அருள்நிறை மந்திரம் சொன்னார். எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே முடிந்தது. நான் கையை நீட்டினேன். அண்ணன் தட்டை உள்ளே தள்ளினார்.

"வெரிபை."

அந்நேரம் வெளியே ஹார்ன். ததேயு, சித்தி, சித்தப்பா, கூரையில் கட்டிய பெட்டி, எல்லாம் வந்து நிற்கிறது.

"அண்ணே, தாரும். நேரமாச்சு."

"பாதிதான் ஒத்துப் பாத்திருக்கு."

"மீதிய அங்க போய் அவன் ஒத்துப் பாத்துக்கிடுவான்!"

"ஒத்துப் பாக்காம எனக்க கடையில இருந்து ஒரு காப்பி போகாது ஓய்."

எனக்குக் கண் இருண்டது. ஒரு வார்த்தை சொன்னேன். அந்த வார்த்தையைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், பத்திரிகையிலும் சொல்லத் தேவையில்லை. அவருடைய அப்பாவையும் அதில் சேர்த்திருந்தேன் என்பதோடு விடுகிறேன். சிடித் தட்டில் குண்டூசி நுழைகிற ஒரு துளை இருக்கும், அதில் குத்தினால் தட்டு வெளியே வரும் என்று எங்கோ கேட்டிருந்தேன். கழுத்தில் மாதா மெடல் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி, ஒரே குத்து. மாதாவை அந்த வேலைக்குப் பயன்படுத்திய முதல் கிறிஸ்தவன் நானாகத்தான் இருப்பேன். சிடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். பின்னால் அவர் திட்டவில்லை. "ஒத்துப் பாக்கல்ல மக்கா… ஒத்துப் பாக்கல்ல" என்ற குரல் மட்டும் வந்தது.

ஒன்றரை மணிக்கு வீட்டில் சோற்றில் கை வைக்கிறேன், போன். திருவட்டாறிலிருந்து ததேயு.

"அண்ணே, உம்ம வெரிபை ஆளு மொபெட்ல இங்க வந்து நிக்காரு. எனக்க பெட்டிய அவுக்காரு!"

"எந்தப் பெட்டிய?"

"கல்ஃபுக்குக் கொண்டு போற பெட்டியடா சாமி! இங்க வந்துதான் சிடிய உள்ள வச்சுக் கட்டுனேன். உமக்க கடைக் கயிறுதான், அறுத்துத் தொலையும்னா கேக்கமாட்டேங்காரு. முடிச்சு முடிச்சா அவுக்காரு. சிப்ஸு ஒரு பக்கம், கருவாடு ஒரு பக்கம், எனக்க உள்பனியன் வாசல் முத்தத்துல கிடக்கு. அக்காவுக்க மாமியாரு ஏதோ சோதனை போடுற ஆபீசருன்னு நெனச்சுக் கும்பிடுதா!"

"அவருக்கிட்ட போனக் குடு."

அண்ணனின் குரல் மூச்சு வாங்கியது. வெயிலில் முப்பது கிலோமீட்டருக்குமேல் வந்திருக்கிறார். "வேற ஒண்ணு போட்டேன். முழுசா ஒத்துப் பாத்தாச்சு. ரெண்டு தடவ. இத வச்சிட்டு அத எடுத்துக்கிடுதேன். ஒத்துப் பாக்காத காப்பி ஊரு விட்டுப் போகப்படாது."

கயிற்றைப் பழையபடியே முடிச்சுப் போட்டுக் கட்டிவைத்தாராம். சோறு வேண்டாம் என்று நாலு தடவை சொல்லிவிட்டு, மீன்குழம்பு மணத்ததும் உட்கார்ந்துவிட்டாராம்.

அடுத்த வாரம் அருள் போன் செய்தான். "பாத்தேன் அண்ணே. எனக்க பேரச் சொன்னது நல்லாக் கேட்டுது" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

மறுநாள் வெட்கத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். வாசல் கயிற்றில் நான் பிடுங்கிப்போன சிடி தொங்குகிறதா என்று தேடினேன். இல்லை. அண்ணன் மேசை இழுப்பறையிலிருந்து அதை எடுத்து, உள்ளே போட்டு ஓடவிட்டார். தாமரைப்பூ வந்தது. கோயில் வந்தது. கல்லறைத் தோட்டம் வந்தது. சாமியார் தீர்த்தம் தெளித்தார். நான் குனிந்து மண்ணை அள்ளுகிறேன். படம் அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. தம்பியின் பெயர் அதில் இல்லவே இல்லை.

சிடியை வெளியே எடுத்தார். அதன்மேல் மார்க்கரில் எழுதியிருந்தது: 'வேகம் கூட்டினேன். என் பிழை.'

எனக்காகத்தான் கூட்டியிருக்கிறார். நான் கடிகாரத்தைப் பார்த்த பார்வையைத் தாங்கமாட்டாமல், வாழ்க்கையில் ஒரே ஒருமுறை தன் முறையை மீறியிருக்கிறார். அந்த மனுசனைத்தான் நான் அப்பாவோடு சேர்த்துத் திட்டினேன்.

"இத ஏன் அண்ணே வாசல்ல தொங்கவிடல்ல?" என்று கேட்டேன்.

"இதுல அம்ம இருக்கா மக்கா. முக்கால்வாசி இருக்கா. காக்காய்க்குக் காட்டப்படாது" என்று துண்டால் துடைத்து என் கையில் கொடுத்தார்.

இதை வாசிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். நான் திட்டியதையும் மறைக்கவேண்டாம். சொல்லி முடித்ததும் ஒருதடவை ஒத்துப் பாருங்கள். ஒரு வரி விட்டுப்போனாலும் அண்ணன் மொபெட்டை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலுக்கே வந்துவிடுவார். வந்தால் ஒரு பிடி சோறு போடுங்கள். வேண்டாம் என்று நாலு தடவை சொல்வார். ஐந்தாவது தடவையும் கேளுங்கள்.