மழை பெய்யாமல் ஏறிய தண்ணீர்

என் பிடிவாதத்தைப் பற்றி ஊரில் சொல்வதெல்லாம் உண்மைதான். ஆனால் மண்டபத்துக் கடலில் நடந்ததற்கு மட்டும் நான் பொறுப்பில்லை. அன்று தப்பு கடல் மேல்தான். (இதை என் வீட்டில் இன்றுவரை ஒருவர்கூட ஒப்புக்கொண்டதில்லை.)

நான் இராஜபாளையத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜவுளிக்கடை வைத்திருந்தேன். இருபதாம் நூற்றாண்டு பிறந்த புதிதில் மண்டபத்து ஆமினாவை எனக்குக் கட்டிவைத்தார்கள். மாமனார் குடும்பத்தில் ஒரு வழக்கம். பெண் தாய்வீட்டை விட்டுப் போகமாட்டாள், மாப்பிள்ளைதான் அங்கே வந்து இருக்கவேண்டும். கடையைப் பூட்டிவிட்டு நான் அங்கே என்ன செய்வது? அவளை அழைத்துப் போகிறேன் என்று மூன்று நாள் வாதாடினேன். மாமனார் அசையவில்லை.

அவருக்கு ஒரே பொழுதுபோக்கு தூண்டில். சங்கு வியாபாரம் போக மிச்ச நேரமெல்லாம் பாம்பன் நீரிணைக் கரையில்தான் இருப்பார். நான்காம் நாள் காலை அவர் தூண்டிலைக் கையில் எடுத்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. கூமாப்பட்டிக் கண்மாயில் தூண்டில் போட என்னை மிஞ்ச ஆளில்லை என்றேன். வீட்டில் பத்துப் பேருக்கும் மத்தியானத்துக்குப் போதுமான மீனை நான் ஒருவனே பிடித்து வந்தால், ஆமினாவை என்னோடு அனுப்ப வேண்டும் என்றேன். தோற்றால் நீங்கள் மண்டபத்திலேயே இருந்துவிட வேண்டும் என்றார் அவர். (தலையாட்டினேன். இருபத்திரண்டு வயதில் தலை மிக லேசாக இருந்தது.) மீன் வாங்க ஆளனுப்ப வேண்டாம், மசாலாவை மட்டும் அரைத்து வையுங்கள் என்று மாமியாருக்கும் சொல்லியனுப்பினேன்.

கரையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஒரு தட்டைப் பாறை இருந்தது. நடுவில் கணுக்கால் அளவு தண்ணீர்தான். உள்ளதைச் சொல்கிறேன், நன்றாகவே பிடித்தேன். விளைமீன் நாலு, ஓரா மூன்று. இன்னும் நாலைந்து விழுந்தால் ஆமினா என்னோடு வருவாள்.

அப்போது வள்ளத்தில் போன ஒருவர், தண்ணீர் ஏறப்போகிறது, கரைக்குப் போய்விடுங்கள் என்று கூப்பிட்டார். நான் மேற்கே பார்த்தேன். எங்கள் பக்கத்தில் முதலில் மலைமேல் மேகம் கட்டவேண்டும், பிளவக்கல் பக்கம் மழை கொட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் கண்மாயில் தண்ணீர் ஏறும். பிறந்ததிலிருந்து நான் கண்டது அதுதான்.

"மேக்க ஒரு பொட்டு மேகங்கூட இல்லண்ணே. பொறவு எப்படித் தண்ணி ஏறும்?" என்றேன்.

அவர் துடுப்பை வேகமாகப் போட்டுக்கொண்டு போய்விட்டார். (நேரே மாமனார் வீட்டுக்குத்தான் போயிருக்கிறார்.)

முதலில் செருப்பு போனது. அடுத்தது கூடை, ஏழு மீனோடும். கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் எங்கேயோ மழை பெய்திருக்கிறது என்று நினைத்தேனே தவிர எழுந்திருக்கவில்லை. தண்ணீர் மடிக்கு வந்தபிறகுதான் எழுந்து நின்றேன். கண்மாயை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்துகிறவன்தான் நான். ஆனால் கரைக்கும் பாறைக்கும் நடுவில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்ததும் கால் வரவில்லை. பயந்துவிட்டேன், நன்றாகவே பயந்துவிட்டேன். தூண்டிலை மட்டும் விடவில்லை.

மாமனாரும் அந்த மனிதரும் வள்ளத்தில் வந்து, சட்டையைப் பிடித்து என்னை உள்ளே இழுத்துப் போட்டார்கள். நானே கிளம்பத்தான் இருந்தேன் என்றேன். கடல் மழையில்லாமலே தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும் என்றார் மாமனார்.

மத்தியானம் பத்துப் பேரும் மீனில்லாத மீன்குழம்பை ஊற்றிச் சாப்பிட்டார்கள். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்தேன். மாமனார் கை கழுவிவிட்டு வந்து, இனிமேல் இங்கேதான் என்று ஆரம்பித்தார்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஆமினா பேசினாள்.

"இவுகளக் கடலோரம் வச்சுக்கிட்டு நா எப்படி வாப்பா நிம்மதியா இருப்பேன்? மழ பேஞ்சாத்தான் தண்ணி ஏறுமாமே, அந்த ஊருக்கே எங்கள அனுப்பிருங்க."

மறுநாள் காலை மாமனார் வண்டி பூட்டச் சொன்னார்.

இப்போது எங்களுக்கு நான்கு பிள்ளைகள். அவர்களில் யாராவது தப்பென்று தெரிந்தும் விடாமல் வாதாடினால், "ஏறி ஒக்காந்தாச்சா பாறையில?" என்று கேட்பாள் ஆமினா. உடனே மற்ற மூன்று பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்த வள்ளக்காரர் சொன்னதும் நான் மரியாதையாக எழுந்து கரைக்குப் போயிருந்தால், இவர்கள் அம்மா இந்த வீட்டுக்கு வந்திருக்கவே மாட்டாள்.