உட்காராத சாமி

வியாதியிலும் அந்தஸ்து உண்டு. இதயத்தில் அடைப்பு என்றால் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். சர்க்கரை என்றால் வந்தவர் தன் சர்க்கரையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நம் வீட்டு மைசூர்பாகையே இரண்டு துண்டு தின்றுவிட்டுப் போவார். எனக்கு வந்தது பவுத்திரம். ஆசனவாய்க்குப் பக்கத்தில் ஒரு கட்டி கிளம்பி, உடைந்து, உள்ளேயிருந்து வெளியே எலி வளை மாதிரி ஒரு வழி போட்டுக்கொண்டு, ஓயாமல் சீழ் வடிக்கும் வியாதி. இதற்கு எவனும் ஆப்பிள் வாங்க மாட்டான். முதலில் சிரிப்பான். (எனக்கு வருவதற்கு முன்பு நானும் சிரித்திருக்கிறேன்.)

திருத்தணி பஜாரில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று தினமும் பத்து மணி நேரம் உட்கார்ந்தே செய்கிற வேலை. ஆபரேஷன் அரக்கோணத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது. என் மனைவி ரேவதியைத் தவிர ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது. டாக்டர் புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டிருந்தார். தினமும் அதற்குள் மருந்துத் துணி வைத்துக் கட்ட வேண்டும். கட்டுப் போடுகிற சிஸ்டர் முதல் நாளே சொல்லிவிட்டார்:

“இத பாருங்க, இது அடியில இருந்து ஆறிகினு வரணும். மேல மூடிக்கிச்சுன்னு குஷியாயிடாதீங்க. உள்ள ஆறாம மேல மூடினா திரும்பவும் வந்துரும். மூணு மாசம் ஆவும், நாலு மாசம்கூட ஆவும். பொறுமை வேணும்.”

“ஆங், ஆங்” என்று தலையாட்டினேன். எனக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். மண்டைக்குள்தான் எதுவும் இறங்காது.

இரண்டு வாரம் கழித்துக் கடையைத் திறந்தேன். உட்கார முடியாது. இரண்டு காலி சோடாப் பெட்டிகளை அடுக்கி, அதன்மேல் கம்ப்யூட்டரைத் தூக்கி வைத்து நின்றபடி டைப் அடித்தேன். அன்றைக்கென்று பாவா வந்தார். பாவா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். பள்ளிப்பட்டில் புடவை வியாபாரம். அவர் காதில் ஒன்று விழுவதும் பஸ் ஸ்டாண்டில் மைக் கட்டிச் சொல்வதும் ஒன்றுதான்.

“இன்னா மச்சான், நின்னுகினே கீற? உக்காரு” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

முதுகுவலி என்று சொல்லியிருக்கலாம். மூட்டுவலி என்று சொல்லியிருக்கலாம். மரமண்டைக்கு அதெல்லாம் தோன்றுமா? கடை வாசலில் நின்றால் மலை தெரியும். அதைப் பார்த்தேன். வாய் தானாகத் திறந்தது.

“வேண்டுதல் பாவா. முருகனுக்கு. ஒரு மண்டலம் உக்கார மாட்டேன்னு.”

நாற்பத்தெட்டு நாள். இதைச் சொல்வதற்கு முன் என் புண்ணை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பாவா செருப்பைக் கழற்றினார். என் கடையில், பிரிண்டருக்கு முன்னால், கன்னத்தில் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பஜாருக்கே தெரிந்துவிட்டது. மறுநாள் வாசலில் யாரோ கோலம் போட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் நான் ‘உட்காராத சாமி’ ஆகிவிட்டேன். வருகிறவர்கள் விண்ணப்பத்தை நீட்டி, “உங்க கையால ஒரு தபா தொட்டுக் குடுங்க சாமி” என்றார்கள். இரண்டு வருஷமாக இழுத்தடித்த பட்டா ஒரு அம்மாவுக்கு அந்த வாரம் பார்த்துக் கிடைத்துத் தொலைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா? ஊருக்கு எது போதும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. ஒரு ஆள் நின்றால் போதும்.

ஊர் மடமை அவ்வளவு என்றால் என் மடமை அதற்கு மேல். நெற்றி நிறைய பட்டை போட ஆரம்பித்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். “படுக்கலாமா சாமி?” என்று ஒருவர் கேட்டபோது, “படுக்கலாம், உட்காரத்தான் கூடாது” என்று கண்ணை மூடிக்கொண்டு சட்டம் சொன்னேன். அந்தச் சாமி வீட்டில் வேளைக்கு ஒரு முறை, டாக்டர் சொன்னபடி, வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் டப்பில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

“ஏங்க, சாமி பேர்ல பொய் சொல்லிகினு திரியிறீங்களே, வெக்கமா இல்ல?” என்றாள் ரேவதி, சுடுதண்ணீரை ஊற்றிக்கொண்டே.

“நானா கேட்டேன்? அவங்களா கும்பிடறாங்க” என்றேன் டப்பிலிருந்து.

முப்பத்தைந்தாம் நாள் பாவா வந்து, மண்டலம் முடிகிற அன்று என்னை ஊரறிய உட்கார வைக்கப்போவதாகச் சொன்னார். பந்தல், பம்பை, சாப்பாடு. இன்னும் பதிமூன்றே நாள். துணி வைத்துக்கொண்டே இருந்தால் புண் எப்போது மூடுவது? ஆகவே துணி வைப்பதை நிறுத்தினேன். கட்டுக்குப் போவதையும் நிறுத்தினேன். “இனிமே வர வாணாம்னு சிஸ்டரே சொல்லிட்டாங்க” என்று ரேவதியிடமே புளுகினேன். பத்தே நாளில் கண்ணாடி வைத்துப் பார்த்தால், மேலே தோல் ஜம்மென்று மூடியிருந்தது. முருகன் கருணை என்று நினைத்தேன். நாற்பத்தாறாம் நாள் அந்த இடம் விண்விண்ணென்று தெறித்தது. ராத்திரி காய்ச்சல் வேறு. அதை அருள் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அடித்தாலும் திருந்தாத ஜென்மம் என்று என் அப்பா சொன்னது வீண் போகவில்லை.

நாற்பத்தெட்டாம் நாள் காலை. கடை வாசலில் பந்தல். ஐம்பது பேருக்குக் குறையாது. நடுவில் பலா மரத்து மணை ஒன்று, மஞ்சள் குங்குமம் வைத்து, கல்லு மாதிரி. (ஒரு மெத்தை போடக்கூட எவனுக்கும் தோன்றவில்லை.) மாலை போட்டார்கள். பம்பை முழங்கியது. நான் பாதி குனிந்து தயங்கியதைப் பார்த்த பாவா, பாசம் பொங்க, இரண்டு தோளையும் பிடித்து ஒரே அழுத்தாக அழுத்தினார்.

“அய்யய்யோ!”

அந்தச் சத்தம் மலையில் இருக்கிற முருகனுக்கே கேட்டிருக்கும். உட்கார்ந்த வேகத்தில் எகிறிக் குதித்தேன். மாலை அறுந்தது. வேட்டி பாதி கையில். ஒற்றைக் காலில் மணையைச் சுற்றி ஆடினேன்.

“சாமி வந்துடுச்சுடா! அரோகரா!”

பம்பைக்காரன் அடியை இரட்டிப்பாக்கினான். என் முகத்துக்கு நேரே கற்பூரம் வந்தது. பட்டா வாங்கிய அம்மா முண்டியடித்து முன்னால் வந்து, “எம்பொண்ணுக்கு எங்க சாமி மாப்ள?” என்றாள்.

“அரக்கோணம்! அரக்கோணத்துக்கு வண்டி எடுங்கடா!” என்று அலறினேன்.

“அரக்கோணத்து மாப்ளையாம்! வண்டி வச்சிகினு இருப்பானாம்!” என்று அந்த அம்மா அழுதாள்.

ரேவதி என் வேட்டியின் பின்பக்கத்தைப் பார்த்தாள். சீழும் ரத்தமும். மேலே மூடியிருந்தது பிய்த்துக்கொண்டிருந்தது. அவள் பம்பைக்காரன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கினாள். சத்தம் நின்றது.

“சாமியும் வரல, பூதமும் வரல. இந்த ஆளுக்குப் பவுத்திரம். ஆப்ரேஷன் பண்ணிகினு, உக்கார முடியாம உங்களாண்ட பொய் சொன்னாரு. என்னாண்டயும் சொல்லிகீறாரு. இப்ப திரும்பவும் வந்துகிச்சு. ஆட்டோ கூப்பிடுங்க!”

முதலில் பின்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் எல்லாரும். நான் ஆட்டோவின் பின்சீட்டில் குப்புறப் படுத்தபடி அந்தச் சிரிப்பைப் பஜார் கடைசி வரைக்கும் கேட்டேன்.

சிஸ்டர் திட்டவில்லை. “குஷியாயிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். அழுகை வந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன், மறுபடி துணி, மறுபடி டப். இந்தத் தடவை ஐந்து மாதம். கடை வாசலில் கோலம் இல்லை. கேட்டவர்களிடம் எல்லாம் உள்ளதைச் சொன்னேன். (சொல்லாவிட்டாலும் அவர்களுக்குத் தெரியும்.) பட்டா அம்மாவின் பெண்ணுக்கு நிஜமாகவே அரக்கோணத்தில் மாப்பிள்ளை அமைந்து தொலைத்தது; அந்த அம்மா மட்டும் இன்னும் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுகிறாள்.

எங்கள் வீட்டில் அன்று பிடித்த பேச்சு ஐந்து வருஷமாகியும் ஓயவில்லை. குழாய் ஒழுகல் நின்றுவிட்டது என்றாலும் சரி, அக்காவும் அவள் ஓர்ப்படியும் சமாதானம் ஆகிவிட்டார்கள் என்றாலும் சரி, ரேவதி ஒரே கேள்விதான் கேட்பாள்: “மேல மூடிச்சா, உள்ள ஆறிச்சா?” இதற்கு விழுந்து விழுந்து சிரிப்பவர் பாவாதான். கல்யாணம், காதுகுத்து எங்கே பார்த்தாலும் எனக்கு நாற்காலி போட்டு, “சாமி உக்காருவாரா, மண்டலமா?” என்பார்.

போன மாதம் பாவா கடைக்கு வந்தார். ஸ்டூலைத் தள்ளி, “உக்காருங்க பாவா” என்றேன். அவர் மலையைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

“இல்ல மச்சான். ஒரு வேண்டுதல்…”

நான் அவரை மேலும் கீழும் பார்த்தேன். “எத்தினி மாசமா?”

“ஆறு” என்றார், பிரிண்டருக்குக்கூடக் கேட்காத குரலில். பஸ் ஸ்டாண்ட் மைக்கிலிருந்து வந்த குரல் அது.

ஐந்து வருஷத்துக்குச் சேர்த்துச் சிரிக்க எனக்கு உரிமை இருந்தது. வாயைக்கூடத் திறந்தேன். அவர் நெற்றியில், நான் அன்று போட்டிருந்த அதே அகலத்துக்கு, பட்டை போட்டிருந்தார். வாயை மூடிக்கொண்டு கடையைப் பூட்டினேன்.

அரக்கோணம் ரயிலில் அன்று கூட்டமே இல்லை. பெட்டி நிறைய காலி சீட். இருவரும் நின்றுகொண்டே போனோம்.