மருந்து கலக்காத தண்ணீர்

அன்புள்ள மாமாவுக்கு,

நான் நலம். நீங்களும் அத்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும்.

பஸ்ஸில் கொடுத்தனுப்பிய தண்ணீர் பாட்டில் கிடைத்தது. உங்கள் வழக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு நீங்கள் ஆற்றில் டேங்கைக் கழுவும்போதெல்லாம் கீழ்ப்பக்கம் மீன் செத்து மிதக்கிறது என்கிறார் வலைக்காரர். எங்கள் ஆய்வகம் தண்ணீர் சுத்தம் என்றால் அவர் வாய் திறக்கக் கூடாது. இல்லையென்றால் டேங்க் ஆற்றுப் பக்கமே போகக் கூடாது. இரண்டு பேரும் ஊர் முன்னால் கொடுத்த வாக்கு. நடுவில் நான்.

குழப்பம் சீட்டில் ஆரம்பித்தது. ‘மருந்து கலக்காதது’ என்று எழுதி ஒட்டியிருந்தீர்கள். வழியில் நனைந்து இரண்டாவது சொல் அழிந்துவிட்டது. எங்கள் உதவியாளர் பொறுப்பானவர். மருந்து என்று படித்தார், முதலுதவி அலமாரியில் வைத்தார். தொண்டை கட்டிய மேலாளர் அலமாரியைத் திறந்தார். நான் ஓடிப் போவதற்குள் கொப்பளித்துத் துப்பிவிட்டார்.

“எந்தக் கம்பெனித் தண்ணிம்மா? நல்லா இருக்கே.”

எனக்குப் பொறி தட்டியது. பாட்டிலை ஜன்னலருகே தூக்கிப் பார்த்தேன். மண் இல்லை. பாசி இல்லை. ஓர் இலைத் துணுக்குகூட இல்லை. நம் ஆறு இவ்வளவு ஒழுக்கமானதல்ல.

இருந்தாலும் முறைப்படி பத்து நீர்த்தெள்ளுகளை அதில் விட்டேன். கடுகளவு உயிர். மீன்குஞ்சுகளின் சாப்பாடு. பூச்சிக்கு அடிக்கும் எதுவும் அதையும் கொல்லும். அதற்கும் பூச்சிக்கும் கிட்டத்தட்ட பங்காளி உறவு. இன்னொரு பத்தை எங்கள் தொட்டித் தண்ணீரில் விட்டேன். இரண்டு நாள் கழித்து அவை குதித்துக்கொண்டிருந்தன. உங்களுடையவை அடியில் கிடந்தன. போன் செய்தேன், ஞாபகம் இருக்கும்.

“மாமா, பத்தும் போயிடுச்சு.”

“எங்க போச்சு?”

“செத்துப்போச்சு.”

“அதெப்படிம்மா? நான் அடிக்கிறது மருந்து. மருந்து குடிச்சு எவனாவது சாவானா?”

“அப்போ தண்ணியில மருந்து கலந்திருக்கா?”

“நான் எப்போ அப்படிச் சொன்னேன்? அது சுத்தமான ஆத்துத் தண்ணி. வேணும்னா உங்க அத்தைகிட்ட கேளு.”

கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? ஜெயிப்பதற்காகக் கடைத் தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டீர்கள். உப்புச்சத்தை உறிஞ்சிவிட்ட அந்தத் தண்ணீரில் நீர்த்தெள்ளு தாங்காது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. ஆகவே ‘மாதிரி செல்லாது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டேன். வலைக்காரர் ஜெயிக்கவில்லை. நீங்கள் தோற்கவில்லை. எனக்கு நிம்மதி. மாலையில் அந்த நிம்மதியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

டேங்க் கழுவிய தண்ணீரைத் தோட்டத்திலேயே தெளித்துவிடலாம் மாமா. சொன்னால் கேட்க மாட்டீர்கள். என்னைத் தோளில் தூக்கி வளர்த்தவர். என் பேச்சு உங்கள் தோளுக்கு மேலே ஏறாது.

உங்கள் முழங்கால் வலி குறையட்டும். கத்தரியில் புழு குறையட்டும், முடிந்தால் தானாகவே. அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்களைச் சந்தேகப்பட நேர்ந்ததில் வருந்தும்
அக்கா மகள்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது அத்தையின் போன்.

“தண்ணி சுத்தமா வந்துச்சாம்மா? உங்க மாமா டேங்கைக் கழுவின கையோட, கலங்கலா மொண்டுட்டு வந்தாரு. ஆபீசுக்குப் போற தண்ணி, பாசியும் குப்பையுமாவா அனுப்புறது? நான்தான் வெள்ளைத் துணியை வெந்நீர்ல அலசி, நாலா மடிச்சு, மூணு தடவை வடிகட்டினேன்.”

மாமா, மன்னித்துவிடுங்கள். நீங்கள் அனுப்பியது ஆறேதான். துணி பாசியைப் பிடிக்கும், மருந்தைப் பிடிக்காது. ‘செல்லாது’ என்பதை அடித்துவிட்டேன். ‘பத்துக்குப் பத்தும் இறந்தன’ என்று எழுதியிருக்கிறேன். வலைக்காரருக்கும் ஒரு நகல் போகிறது.

மேலாளரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை. தொண்டை திறந்துவிட்டதாம். அந்த மருந்து இன்னொரு பாட்டில் வருமா என்று கேட்டார்.

இனிமேல் வராது என்று சொல்லிவிட்டேன்.