ஏழு தலைமுறைக் குவெரி

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி நிலவரப்படி கலைச்செல்வி திரவியத்தின் மகள்.

வலியசாலை நாஞ்சில் குடும்பச் சங்கத்தின் பிரிண்டர் அப்படித்தான் அச்சடித்துத் தள்ளியிருந்தது. ‘உறவு: தந்தை – மகள்.’ திரவியத்துக்கு வயது முப்பத்தொன்பது, அவளுக்கு முப்பத்தைந்து. நாலு வயதில் ஒரு பெண்ணுக்குத் தகப்பனானதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். ஆனால் அவளைக் கட்டிக்கொள்வதற்காகத்தான் அந்தக் காகிதத்தையே எடுக்க வந்திருந்தான்.

காகிதம் இல்லாமல் காரியம் நடக்காது. சங்கச் செயலாளர் ஆனந்தகிருஷ்ணன் முன்பெல்லாம் யார் வீட்டில் யார் பெண் எடுக்கலாம் என்பதை மனப்பாடமாகச் சொல்லுவார். போன வருஷம் அவர் சொல்லி நிச்சயதார்த்தம் வரை போன ஒரு ஜோடி, தாம்பூலம் மாற்றும் நேரத்தில் பங்காளி வழியில் அண்ணன் தங்கை என்று தெரியவந்தது. பாதிப் பந்தியில் எழுந்து போனவர்களின் முகம் இன்னும் அவர் கண்ணை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு, ஏழு தலைமுறை மேலே ஏறிப் பார்த்து உறவில்லை என்று கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்தால்தான் அவர் பெண் கேட்கச் செருப்பையே மாட்டுவார்.

அந்தக் கம்ப்யூட்டர் ஏற்பாட்டைச் செய்து கொடுத்தவனே திரவியம்தான். கழக்கூட்டம் பக்கம் ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் பார்க்கிறவன். ஆளுக்கு ஒரு வரி. வரியில் அவருடைய எண், பெயர், தகப்பனின் எண். அவ்வளவுதான் டேபிள். தகப்பனின் வரிக்குப் போனால் அங்கே தாத்தாவின் எண் இருக்கும். அவன் எழுதிய குவெரி, அதாவது தேடல் கட்டளை, அப்படியே படிப்படியாக ஏறி, மேலே யாருமில்லாத முதல் ஆளிடம் போய் நிற்கும். மச்சினன், கொழுந்தி, பெண்டாட்டி எதற்கும் அதில் இடம் வைக்கவில்லை. மேலே ஏறத் தெரிந்தால் போதும் என்று நினைத்துவிட்டான். பிரம்மச்சாரி போட்ட டேபிள் வேறு எப்படி இருக்கும்.

கலைச்செல்வி பழவங்காடியில் ஒரு ஹோமியோ மருந்துக் கடையில் வேலை பார்த்தாள். ஆறு வருஷமாக வெள்ளிக்கிழமைதோறும் திரவியத்துக்கு ஏதாவது ஒரு வியாதி வரும். முட்டுவலி, ஏப்பம், தலைசுற்றல், தூக்கமின்மை. வெள்ளை உருண்டைகளைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமல் திரும்புவான். அதில் தூக்கமின்மை மட்டும் நிஜம். அவளை நினைத்தால் தூக்கம் வராது, அவ்வளவு ஏக்கம். அவள் முன்னால் போய் நின்றால் வார்த்தை வராது, அவ்வளவு பயம்.

ஞாயிறு மூன்று மணிக்கு நாகர்கோவிலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று கேள்விப்பட்ட வெள்ளிக்கிழமை, ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனான். அன்றைக்குக் காதுவலி என்றான். கூடவே, ஞாயிறு மத்தியானம் செயலாளர் தனக்காக ஒரு வீட்டுக்குப் பெண் கேட்டுப் போவதாக உளறினான்.

“எந்த வீட்டுக்கு சார்?” என்று கேட்டாள் கலைச்செல்வி.

“ஒரு வீட்டுக்கு.”

அவள் பொட்டலத்தை நீட்டி, “காதுக்கு இது போதும். வாய்க்கு இங்க மருந்து இல்ல” என்றாள்.

அந்தச் செயலாளர் இன்று பன்னிரண்டு மணிக்கு வந்துவிடுவார். மூன்று மணிக்குள் அவர் கலைச்செல்வியின் அப்பா இசக்கியிடம் பேசியாக வேண்டும்.

திரவியம் டேபிளைத் திறந்தான். அவள் வரியில் தகப்பன் எண் இருக்கவேண்டிய இடத்தில் அவனுடைய எண் இருந்தது. யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள், ஓர் எண்ணைத் திருத்தினால் தீர்ந்தது என்று நிம்மதியாகச் சிரித்துக்கொண்டான். ‘இசக்கி’ என்று தேடினான். பதினான்கு இசக்கிகள் வந்து நின்றார்கள். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற வழக்கத்தில் வீட்டுக்கு வீடு இசக்கிதான். முதலில் கண்ணில் பட்ட இசக்கியின் எண்ணைப் போட்டு குவெரியை ஓட்டினான்.

‘உறவு: அத்தை – மருமகன்.’

அது அவனுடைய சொந்தத் தாத்தா இசக்கி. மகளென்றால் அதட்டியாவது பார்க்கலாம், அத்தையென்றால் எழுந்து நிற்க வேண்டும்.

நிதானமாகத் தேடி, சரியான இசக்கி 212-ஆம் எண் என்று கண்டுபிடித்துப் போட்டான். உறவு மறைந்தது. ஆனால் குவெரி மூன்றாம் படியிலேயே நின்றுவிட்டது. இசக்கியின் அப்பா பேச்சிமுத்து. பேச்சிமுத்துவுக்கு மேலே யாரும் எழுதப்படவில்லை. ஏழு தலைமுறைக்கு ஒன்று குறைந்தாலும் ஆனந்தகிருஷ்ணன் அசையமாட்டார். பேச்சிமுத்துவின் அப்பா பெயரும் இசக்கிதான் என்பது அவனுக்குத் தெரியும். அவசரத்தில், கைவசம் இருந்த 212-ஐயே அங்கேயும் போட்டுவிட்டான்.

குவெரி ஏறத் தொடங்கியது. இசக்கியிலிருந்து பேச்சிமுத்துவுக்கு, பேச்சிமுத்துவிலிருந்து அதே இசக்கிக்கு, மறுபடி பேச்சிமுத்துவுக்கு. தகப்பனும் மகனும் ஒருவரையொருவர் பெற்றுக்கொண்டே இருந்தார்கள். பிரிண்டர் இருபது பக்கம் தள்ளிய பிறகு திரவியம் அதன் வயரைப் பிடுங்கினான்.

பிறகு, முடிச்சை அறுத்தால் போதும் என்று 212-ஆம் வரியை அழித்தான். அழித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. சங்கத்தை விட்டு விலகும் குடும்பத்தை ஒரேயடியாக எடுத்துவிட வசதியாக இருக்கட்டும் என்று, குடும்பத் தலைவரின் வரியை நீக்கினால் கீழே உள்ள அத்தனை பேரும் போய்விடும்படி அவன்தான் செய்து வைத்திருந்தான். இசக்கி போனார். அவர் பிள்ளைகள் போனார்கள். பேரக்குழந்தைகள் போனார்கள்.

‘கலைச்செல்வி’ என்று அடித்துத் தேடினான். ‘யாருமில்லை’ என்றது திரை.

அது வெறும் டேபிள் என்று அவனுக்குத் தெரியாதா என்ன. இருந்தும் மறுபடி ஒருமுறை தேடிப் பார்த்தான். அடுத்த வெள்ளிக்கிழமை அந்தக் கடையில் வேறு யாராவது நின்று என்ன வியாதி என்று கேட்பார்கள். இவன் என்ன சொல்லுவான்? மகளாக இருந்தபோதாவது அவள் தன் பெயருக்குக் கீழே இருந்தாள் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

வேறு வழியில்லாமல், சனிக்கிழமை ராத்திரி எடுத்து வைத்திருந்த பேக்கப் நகலைத் திரும்பப் போட்டான். எல்லோரும் திரும்பி வந்தார்கள். கலைச்செல்வியும் வந்தாள், மகளாக. பிரிண்டர் வயரைச் செருகியதும் அது பழைய கடமையை நினைத்துக்கொண்டு ‘தந்தை – மகள்’ என்று அச்சடித்தது. அதை முதலில் எடுத்தது, அப்போதுதான் படியேறி வந்த ஆனந்தகிருஷ்ணன்.

கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார்.

“டே மக்கா, ஒம் மகளையே ஒனக்குக் கெட்டித் தாங்கன்னா நான் அவுக வீட்டுல போய்க் கேக்கது?”

“தப்பா ஏறிட்டு அண்ணாச்சி.”

“கம்ப்யூட்டர் தப்பு பண்ணாதுன்னு நீதானடே சொன்னே.”

தன் பதினான்கு இசக்கிகளையும் திரவியம் ஒருவழியாக விளக்கினான். அவர் கேட்டுக்கொண்டே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். காகிதம் இப்படியிருக்கையில் இன்றைக்குப் போக முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். மணி பன்னிரண்டே முக்கால்.

“எனக்கு அவ வேணும் அண்ணாச்சி” என்றான் திரவியம். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அதை வாய்விட்டுச் சொன்னான்.

ஆனந்தகிருஷ்ணன் காகிதத்தைக் கீழே வைத்தார். “இத அவகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“அவகிட்ட சொல்லாம கம்ப்யூட்டர்ட்ட சொல்லி என்னடே காரியம்?”

திரவியம் திரைப் பக்கம் திரும்பினான். தப்பைச் செய்த ஆளையாவது கண்டுபிடித்துக் காட்டினால் பெரியவர் மனமிறங்குவார் என்று, யார் கடைசியாக அந்த வரியைத் தொட்டது என்று பார்த்தான். நேற்று, சனிக்கிழமை, சாயங்காலம் நாலு பத்து. சபீனா. சாலைக் கடைத்தெருவில் பிறந்து வளர்ந்த, பாதி மலையாளம் கலந்து பேசுகிற பெண்; சனிக்கிழமைகளில் வந்து உறுப்பினர் படிவங்களை ஏற்றித் தருகிறவள். திரவியம் அவளுக்குப் போன் போட்டு, செயலாளரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

கலைச்செல்வியின் வரியில் தன் எண்ணைப் போடச் சொன்னது யார் என்று கேட்டான்.

“ஆ சேச்சி தன்னே, சேட்டா, அந்த அக்காவேதான். நேத்து ஃபாரம் கொடுக்க வந்தாங்க. நல்லா ஆலோசிச்சிட்டுத்தான் சொல்றீங்களான்னு நான் கேட்டேன். ஆறு வருஷமா ஆலோசிச்சாச்சுன்னாங்க.”

திரவியம் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் என்னதான் சொன்னாள் என்று போனில் கேட்டது ஆனந்தகிருஷ்ணன்.

“‘என் பேர திரவியம் சாருக்க பக்கத்துல எழுது’ன்னாங்க. சேட்டன் செஞ்ச டேபிள்ல மேலயும் கீழயும் மட்டுந்தானே உண்டு, பக்கத்துல ஒரு ஆள வைக்க இடமே இல்லல்லோ. அதான் கீழ வச்சேன்.”