இரண்டு காதும் தெரிய வேண்டும்

பொறாமைப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பக்கத்து வீட்டு ரேடியோ கரகரக்காமல் பாடினாலே வயிறு எரியும். (டாக்டர் அதை வாயு என்றார். எனக்கல்லவா தெரியும்.) ஆனால் அந்த எரிச்சலின் உச்சத்தை நான் கண்டது எழுபதுகளில், ஓர் ஐப்பசி மாதத்தில், பதுளை டவுனில் இருந்த ஒரு ஸ்டூடியோவின் கண்ணாடிக்கு முன்னால்.

கண்ணாடிக்குள் ஒரு பெரிய படம். தேயிலைச் சரிவில் பின்னேர வெயில். முதுகில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் தலையைப் பின்னால் சாய்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். கறுப்பு வெள்ளைப் படம்தான், ஆனாலும் வெயில் மஞ்சளாகவே தெரிந்தது. தெருவில் போனவர்கள் எல்லாம் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் நமுனுகுலைப் பக்கத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த என் தாய்மாமனின் மகள் சரோஜா. நான் கட்டிக்கொள்ளப் போகிறவள். (இந்த விஷயத்தை அதுவரை நான் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்தான்.)

நான் மாமா வீட்டுக்குப் போனால் பிளேன்டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறவள், படத்தில் இப்படிச் சிரிக்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. எடுத்தவன் யார் என்று விசாரித்தால், நஸீர். நான் வேலை செய்த புடவைக்கடையின் முதலாளி மகன், என் நண்பன் வேறு.

"வெளிநாட்டுல இலையுதிர் காலத்துப் பின்னேர வெயில்தான் படத்துக்கு நல்லமாம். புத்தகத்துல வாசிச்சேன்," என்றான் நஸீர். பதுளையில் இலையுதிர் காலம் ஏது? இலை உதிர்வதற்கு முன்பே கிள்ளி எடுத்துவிடுகிறார்களே. ஆனால் ஐப்பசி மழை விட்டதும் அரைமணி நேரம் அடிக்கும் வெயிலைத்தான் அவன் பிடித்திருந்தான். அது அவனுக்குத் தோன்றியதும், பிறந்ததிலிருந்து அந்த வெயிலில் நின்ற எனக்குத் தோன்றாததும் என்னை இன்னும் எரித்தது.

அதே மலையில், அதே வெயிலில், அதே சரோஜாவை நானும் எடுப்பது என்று முடிவு செய்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அந்தப் படம் நஸீரின் படத்தைக் கண்ணாடியிலிருந்து இறக்க வேண்டும். இதற்குக் கேமரா வேண்டுமே? நஸீரிடமே கேட்டேன்.

"கொண்டு போ வாப்பா. புது ரோலும் உள்ளுக்கு ஈக்குது," என்று உடனே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தான். (அவனுக்கு எல்லோரும் வாப்பாதான்.) கொஞ்சமாவது யோசித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சந்தைக்கு வந்த தோட்டத்து ஆள் ஒருவரிடம் சொல்லி அனுப்பினேன்: "சனிக்கிழம பொழுதுசாய போட்டோ புடிக்க வாறேன். எல்லாரும் எப்பவும்போல வேல செஞ்சுகிட்டு இருந்தாப் போதும்." இதில் முதல் பாதி மட்டும் நமுனுகுலைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டாம் பாதி வழியில் எங்கோ இறங்கிவிட்டது.

இரண்டு நாட்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணத்துக்கே போட்டோ எடுக்காத, தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களில் போட்டோ என்றால் ஒன்றுதான், பாஸ்போர்ட் போட்டோ. நானும் லயத்தில் பிறந்தவன்தான். எனக்கும் இது தெரியும். பொறாமையில் மறந்துபோயிற்று.

சனிக்கிழமை காற்சட்டையும் சப்பாத்துமாக பஸ்ஸை விட்டு இறங்கினேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. வெயில் நான் நினைத்ததைவிட அழகாக அடித்தது. மலையில்தான் ஓர் ஆள் இல்லை. எல்லோரும் பெரட்டுக்களத்தில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் அந்த இடத்தில், வரிசையாக நின்றார்கள். முகத்தில் பவுடர், உடம்பில் கல்யாணச் சேலை. சுவரில் வெள்ளைப் படுக்கை விரிப்பு, அதற்கு முன்னால் ஒரு முக்காலி.

"வாங்க மாப்ள," என்றார் மாமா. குரல் சரியாக இல்லை. "போறவங்க இங்க நிக்கிறாங்க. போகமாட்டோம்ங்கிறவங்க தேயிலைக்குள்ள ஒளிஞ்சுகிட்டாங்க. ஆரம்பிங்க."

"இல்ல மாமா, நான் சும்மா வேல செய்றத எடுக்கலாம்னு..."

"சும்மா யாரு தம்பி போட்டோ புடிக்கிறா?" என்றபடி ராக்கம்மா அக்கா முக்காலியில் உட்கார்ந்தார். "ரெண்டு காதும் தெரியுதா பாருங்க. போன தடவ காது தெரியலேன்னு பாஸ்போர்ட் ஆபீஸ்ல திருப்பி அனுப்பிட்டாங்க."

நான் எடுக்க வந்த தோட்டத்து வாழ்க்கை தேயிலைக்குள் குனிந்திருந்தது. கேமராவைத் திருப்பினால் எட்டிப் பார்த்த தலைகள் படக்கென்று மறைந்தன. இங்கே வரிசை நீண்டது. காலையிலிருந்து பவுடர் பூசி நின்றவர்களிடம் முடியாது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொருவராக உட்கார வைத்து எடுத்தேன். அப்படியொரு அருமையான வெயில் அதற்கு முன்னும் பின்னும் யார் காதிலும் விழுந்திருக்காது.

ரோலில் கடைசிப் படம் மிஞ்சியபோது சரோஜா வந்தாள். வேலைக்குப் போன உடுப்போடுதான் வந்தாள். முக்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, முடியை இரண்டு காதுக்கும் பின்னால் ஒதுக்கி, என்னை முறைத்தாள்.

"எங்கள அனுப்பிட்டு நீங்க டவுனுலயே இருப்பீங்களா மச்சான்?"

"பொண்ணு கேட்டு வருவீங்கன்னு பாத்துகிட்டிருந்தேன் மாப்ள," என்றார் மாமா மெதுவாக. "நாங்க போறதா இல்லையான்னுகூட இன்னும் முடிவு பண்ணல. நீங்க கேமராவோட வந்து நிக்கிறீங்க."

புத்தியுள்ளவன் அந்த இடத்தில் பெண் கேட்டிருப்பான். நான் பதறிப்போய்க் கேமராவை அமுக்கிவிட்டு, "நஸீருக்கு மட்டும் அப்பிடிச் சிரிச்சியே?" என்றேன்.

தேயிலைக்குள்ளிருந்து எல்லாத் தலைகளும் எழுந்தன.

"எந்த நஸீரு?" என்றாள். நான் ஸ்டூடியோப் படத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். "அன்னைக்கா? மேரி கால்ல ஏறுன அட்டைய ஒதறப் போயி கூடையோட தண்ணிக் கான்ல உக்காந்துட்டா. அதுக்குச் சிரிச்சேன். போட்டோ புடிச்சதே எனக்குத் தெரியாது."

"அத ஏன்டி இப்ப எல்லார்கிட்டயும் சொல்ற?" என்று தேயிலைக்குள்ளிருந்து மேரியின் குரல் வந்தது.

களமே சிரித்தது. சரோஜாவும் சிரித்தாள். தலையைப் பின்னால் சாய்த்து, வாய்விட்டு, முகமெல்லாம் அந்த மஞ்சள் வெயிலோடு, என்னைப் பார்த்தே சிரித்தாள். நான் கேமராவைத் தூக்கினேன். ரோல் முடிந்திருந்தது.

"அப்ப பொண்ணு கேக்கத்தான் வந்தீங்களா?" என்றார் மாமா.

"ஆமாங்க மாமா," என்றேன். அதைவிட நல்ல காரணம் எதுவும் என் கைவசம் இல்லை.

ஸ்டூடியோக்காரர் ரோலைக் கழுவிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்குள் வைக்க ஒன்றுமில்லை, பாஸ்போர்ட்டுக்கு எல்லாமே அருமை என்றார். ராக்கம்மா அக்கா அந்தப் படத்தோடுதான் தலைமன்னாரில் கப்பலேறினார். வழியனுப்பப் போனபோது, "காது நல்லா விழுந்திருக்கு தம்பி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். என் படங்கள் கடல் தாண்டிப் போகின்றன, உன்னுடையது பதுளை டவுனைத் தாண்டவில்லை என்று நஸீரிடம் சொன்னேன். "உண்மதான் வாப்பா," என்று சந்தோஷப்பட்டான். அவனுக்குப் பொறாமைப்படவே தெரியாது.

மாமா குடும்பம் போகவில்லை. எங்கள் கல்யாணப் படத்தையும் நஸீர்தான் எடுத்தான். அதில் சரோஜா சிரிக்கிறாள், பக்கத்தில் நான் இரண்டு காதும் தெரிய நிற்கிறேன்.

இன்றைக்கும் யாரையாவது பார்த்து நான் புகைய ஆரம்பித்தால், சரோஜா நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்து, நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, என்னை முறைப்பாள். "தாத்தா, காது தெரியுதா பாருங்க," என்று பேரப்பிள்ளைகள் கத்துவார்கள். அப்புறம் அவளே சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்பைப் படம் பிடிக்க இத்தனை வருடமாகப் பார்க்கிறேன், நான் கேமராவை எடுப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் இப்போதும் அந்தப் பழைய ஸ்டூடியோப் படம் தொங்கும் நஸீர் வீட்டுச் சுவருக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.